மரை கழன்றால் பூட்டு என்ன செய்யும்?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் நம்ம பசங்களில் பாதிப் பேர் "இளைஞனே, எழுந்து நில்!" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் ஏற்கெனவே எழுந்து நிற்கிற ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். கலைவிழா மேடையில், தோளில் கிடாரை மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நிற்கிறானே, அவனைப் பற்றி! அவன் விரல் வித்தையைப் பற்றி எழுத இசை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது அவன் தோளில் கிடக்கும் பெல்ட்டைப் பற்றி. அந்த பெல்ட்டைக் கிடாரோடு சேர்த்துப் பிடிக்கிற இரண்டு பட்டன்களைப் பற்றி. பட்டனுக்குள் யார் கண்ணிலும் படாமல் இருக்கிற இரண்டு ஸ்க்ரூக்களைப் பற்றி.

"இதெல்லாம் ஒரு விஷயமா தம்பி?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சங்கத்தின் மெல்லிசைக் குழுவுக்கு இருப்பது ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிடார், ஒரே ஒரு பேஸ் கிடார். இரண்டும் நீங்களும் நானும் கொடுத்த சந்தாப் பணத்தில் வாங்கியவை. சிவில்காரன் வாசித்துவிட்டு எலெக்ட்ரிகல்காரனிடம் கொடுக்கிறான், அவன் மெக்கானிக்கலுக்குக் கொடுக்கிறான். இந்த வருஷப் பொதுக்குழுவில் அவற்றுக்கு ஸ்ட்ராப் லாக் போடுவதா வேண்டாமா என்று அரைமணி நேரம் காரசாரமாக நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "பூட்டுப் போட இது என்ன பீரோவா?" என்றது ஒரு கட்சி. "இருக்கிறதிலேயே விலை கூடினதா வாங்கி மாட்டிட்டா வேலை முடிஞ்சுது" என்றது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் நான் கை தூக்கவில்லை. பூட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் பூட்டைத் தாங்குவது ஸ்க்ரூ, ஸ்க்ரூவைத் தாங்குவது மரம். மரத்துக்குள் மரை கழன்று போயிருந்தால், மேலே தங்கத்தில் பூட்டுப் போட்டாலும் கிடார் ஒருநாள் தரைக்குத்தான் வரும். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பெல்ட் ஏன் நழுவுகிறது?

கிடார் பட்டன் என்பது இடுப்பு சிறுத்துத் தலை பருத்த ஒரு உலோகக் குமிழ். பெல்ட்டின் தோல் நுனியில் ஒரு துளை, துளையோடு சேர்ந்து ஒரு கீறல். சட்டைக்குப் பொத்தான் போடுகிற மாதிரிதான் மாட்டுகிறோம். பெல்ட் விறைப்பாக இழுபட்டு நிற்கும் வரை தொல்லை இல்லை. வாசிப்பவன் உற்சாகத்தில் குனிகிறான், கிடாரை முழங்காலில் தாங்குகிறான், பெல்ட் தளர்கிறது. நிமிரும்போது வேறு ஒரு கோணத்தில் இழுக்கிறது. புதுத் தோல் என்றால் பட்டனைக் கவ்விக்கொள்ளும். பல மாதம் போட்டுக் கழற்றிய பெல்ட்டில் துளை விரிந்து, கீறல் நீண்டு, தோல் தொளதொளவென்று ஆகியிருக்கும். அது கவ்வாது, நழுவும்.

விழுந்தால் என்ன ஆகும்? முதலாண்டில் படித்த கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கிடாரின் எடை 4 கிலோ. இடுப்பு உயரம் 1 மீட்டர். 4 × 9.81 × 1 என்றால் சுமார் 39 ஜூல் ஆற்றல். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். சிமெண்ட் தரை அதை 5 மி.மீ. தூரத்துக்குள் நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி விசை சுமார் 7,800 நியூட்டன். ஏறக்குறைய 800 கிலோ பாரம் ஒரு கணம் ஏறி இறங்குகிற மாதிரி!

அந்த அடி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிடாரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி அதில் வழக்கமாகப் 17 டிகிரி பின்பக்கம் சாய்ந்திருக்கும். கழுத்து மகோகனி மரம். சாய்வு தொடங்கும் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கிறது. போதாக்குறைக்கு, கழுத்துக்குள் போகும் இரும்புக் கம்பியை முறுக்குவதற்காக அதே இடத்தில் ஒரு பள்ளமும் தோண்டியிருக்கிறார்கள். மல்லாக்க விழுந்தால் முறிவது பெரும்பாலும் அங்கேதான். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தலையைச் சாய்க்கவில்லை. மேப்பிள் கழுத்தின் போக்கிலேயே விட்டார்கள். அதனால் அந்த ஜாதிக் கிடாரில் தலை முறிவது குறைவு. நம் கிடார் எந்த ஜாதி என்று பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும். தலை சாய்ந்தது என்றால் பூட்டை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

எந்தப் பூட்டு?

மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, ரப்பர் வாஷர். பெல்ட்டைப் பட்டனில் மாட்டிய பிறகு, அதன் மேல் ஒரு ரப்பர் வாஷரை இழுத்துப் பட்டன் தலையைத் தாண்டிப் போட்டுவிடுவது. க்ரோல்ஷ் என்ற டச்சு பீர் பாட்டிலின் கம்பி மூடியில் வருகிற ரப்பர் வாஷரை இதற்காகவே வெளிநாட்டுக் கிடார்காரர்கள் எடுத்து வைத்துக்கொள்வது பிரசித்தம். (வார்டன் சார் கவனத்துக்கு: நான் வாஷரைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்!) நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற மெத்தென்ற குழாய் வாஷரே போதும். துளை, பட்டன் தலையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவைத் தொட வேண்டாம், துளை போட வேண்டாம். ரப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். அப்போது மாற்றிவிட வேண்டும். சொந்தமாகக் கிடார் வைத்திருக்கிற ஹாஸ்டல் நண்பர்களுக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

இரண்டாவது, ஜெர்மனியின் ஷாலர் வகை. பெல்ட்டில் மாட்டும் துண்டு குதிரை லாடம் போல இருக்கும். கிடாரில் உள்ள பட்டனின் கழுத்தில் அந்த லாடம் போய் உட்காரும். ஸ்பிரிங் வைத்த ஒரு பின் நடுவில் இறங்கிப் பூட்டும்.

மூன்றாவது, அமெரிக்காவின் டன்லப் ஸ்ட்ராப்லாக். பட்டனின் நடுவில் துளை இருக்கும். பெல்ட்டில் உள்ள துண்டின் தண்டு அதற்குள் நுழையும். தண்டில் உள்ள சிறு குண்டுகள் உள்ளே உள்ள பள்ளத்தில் பிதுங்கிப் பிடிக்கும். வெளிப்பக்கக் குமிழை அழுத்தினால் குண்டுகள் உள்வாங்கி விடுபடும். இதிலேயே மரத்துக்குள் குழி தோண்டிப் பதிக்கிற ஒரு வகையும் உண்டு. பொதுக் கிடாரில் அந்த வகை வேண்டாம். தோண்டிய குழியைத் திருப்பி மூட முடியாது.

சங்கத்தின் கிடார்களுக்கு எது? என் ஓட்டு ஷாலர் வகைக்கு. காரணம் எளிமையானது. லாடத்தின் திறந்த வாய் மேல்பக்கம் பார்க்கும்படி மாட்டினால், கிடாரின் எடை லாடத்தின் மூடிய வளைவில் உட்காருகிறது. பின் சரியாக இறங்காமல் போனாலும் நின்று வாசிக்கிற வரைக்கும் கிடார் தன் எடையாலேயே அதில் தொங்கும். டன்லப் வகையில் தண்டு முழுதாக உள்ளே போய் 'க்ளிக்' என்று உட்காராவிட்டால் பிடிப்பதற்கு வேறு எதுவும் இல்லை. ஷாலரிலும் ஒரு குறை உண்டு. பெல்ட்டில் அதைப் பிடித்திருக்கும் நட் அதிர்வில் மெல்லத் தளரும். புதிய எஸ்-லாக் மாடலில் நட்டை இறுக்கி நிறுத்த ஒரு குட்டி ஆலன் ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். பழைய மாடல் என்றால் நட்டை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் இரண்டு கிடாருக்கும் ஒரே கம்பெனி. ஒரு கம்பெனியின் பெல்ட் துண்டு இன்னொரு கம்பெனியின் பட்டனில் சேராது. அத்துடன், பூட்டு இல்லாத சாதாரண பெல்ட்டும் மாட்டக்கூடிய பட்டனாகப் பார்த்து வாங்க வேண்டும். நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் "மச்சான், பெல்ட்டை ரூம்லயே வச்சிட்டேன்" என்று சொல்கிற ஒருவன் எல்லாக் குழுவிலும் இருப்பான்!

இப்போது ஸ்க்ரூவுக்கு வருவோம்

பூட்டுப் போட்ட பிறகுதான் ஸ்க்ரூவின் கஷ்டம் அதிகமாகிறது. இதைப் பொதுக்குழுவில் யாருமே பேசவில்லை. முன்பு ஒரு வெட்டு இழுப்பு வந்தால் பெல்ட் நழுவிவிடும், ஸ்க்ரூ தப்பிக்கும். இப்போது பெல்ட் நழுவாது. அந்த இழுப்பு முழுவதும் ஸ்க்ரூவுக்குப் போகிறது. ஃப்யூஸ் போகிற இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டால் அடுத்தது எரிவது வயரிங்தானே? எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பூட்டு வைத்த பிறகு பெல்ட் மரத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது. பாரம் மரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி இருந்தது 12 மி.மீ. தள்ளிப் போனால், ஸ்க்ரூவை வளைக்கிற திருப்புத்திறன் இரு மடங்கு. பாரம் அதே 4 கிலோதான்; கான்டிலீவரின் நீளம்தான் கூடியது.

மூன்றாவது, மரத்தின் ரேகை. திட உடல் கிடார்களில் ரேகை பொதுவாகக் கம்பிகளின் போக்கிலேயே நீளவாட்டில் ஓடும். அடிப்பக்கப் பட்டனின் ஸ்க்ரூவும் அதே போக்கில்தான் உள்ளே போகிறது. ரேகைக்குக் குறுக்கே இறங்கும் ஸ்க்ரூ மரத்தின் நார்களைக் கடித்துக்கொண்டு நிற்கும். ரேகையோடு போகிற ஸ்க்ரூவுக்கு அந்தப் பிடி கிடையாது. எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரிக் கலைவிழாவில் நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தபோது, பாட்டின் நடுவில் ஒரு முதலாண்டுப் பையனின் தோளிலிருந்து அவர்கள் கல்லூரிக் கிடார் விழுந்தது. தலை முறிந்தது. பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். பெல்ட் பட்டனில் அப்படியே பத்திரமாகப் பூட்டியிருந்தது. பட்டன், ஸ்க்ரூவோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. ஸ்க்ரூவின் மரைகளில் மாவு மாதிரி மரத்தூள். அது அன்றைக்குக் கழன்றதில்லை. பல மாதமாக ஆடி ஆடித் துளையை அரைத்திருக்கிறது. ஆனால் "உன் கையிலதானே இருந்துச்சு?" என்று ரிப்பேர் செலவு அந்தப் பையன் தலையில் கட்டப்பட்டது. அதன்பின் அவன் கிடாரைத் தொடுவதில்லை என்று அங்கே படிக்கும் நண்பன் சொன்னான். ஒரு சின்ன ஸ்க்ரூ, ஒரு கலைஞனை மேடையிலிருந்து இறக்கிவிட்டது.

மாட்டும் முறை

முதலில் பழைய பட்டனைக் கழற்றி, பழைய ஸ்க்ரூவையும் பூட்டோடு வந்த புது ஸ்க்ரூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், தடிமன், தலை மூன்றும். புது ஸ்க்ரூ பழையதைவிட மெல்லியது என்றால் பழைய துளையில் அது சும்மா சுற்றும். அப்படியே முறுக்கி "டைட்டாத்தான் இருக்கு" என்று திருப்திப்படுவதுதான் எல்லா விபத்துக்கும் ஆரம்பம். பழைய ஸ்க்ரூவைப் போடலாம் என்றால், அதன் தலை புதுப் பட்டனின் குழியில் முழுதாக அமிழ வேண்டும். தலை துருத்திக்கொண்டு நின்றால் பூட்டு சரியாக உட்காராது.

துளை ஆரோக்கியமாக இருந்து, அதைவிடத் தடித்த ஸ்க்ரூ போடுகிறோம் என்றால் துளையை அளவாகப் பெரிதாக்க வேண்டும். மர ஸ்க்ரூவின் நம்பருக்கு ஒரு கணக்கு உண்டு. நம்பரை 0.013-ஆல் பெருக்கி 0.060-ஐக் கூட்டினால் தடிமன் அங்குலத்தில் வரும். 8-ஆம் நம்பர் ஸ்க்ரூ 0.164 அங்குலம், அதாவது 4.2 மி.மீ. 6-ஆம் நம்பர் 3.5 மி.மீ. 8-ஆம் நம்பருக்கு மேப்பிள் மாதிரிக் கடின மரத்தில் 3.2 மி.மீ. துளையும், பாஸ்வுட் மாதிரி மென்மையான மரத்தில் 2.8 மி.மீ. துளையும் சரி. துளை சின்னதானால் மரம் பிளக்கும் அல்லது ஸ்க்ரூவின் தலை முறுக்கிக்கொண்டு போகும். பெரிதானால் மரை பிடிக்காது. டிரில் பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது.

துளை ஏற்கெனவே அரைபட்டிருந்தால்? பல்குத்தும் குச்சியைப் பசையில் தோய்த்துத் திணிப்பது அவசரத்துக்கு ஆகும். நிரந்தர வைத்தியம் வேறு. துளையை 8 மி.மீ. அளவுக்குச் சுத்தமாகப் பெரிதாக்கி, அதே அளவு கடின மர உருளையில் மரப்பசை தடவி இறக்கி, 24 மணி நேரம் காயவிட்டு, மட்டமாக வெட்டி, நடுவில் புதிதாகத் துளை போட வேண்டும். பெயிண்ட் பெயராமல் இருக்க, துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் பின்பக்கமாகச் சுழற்றி ஓரத்தைப் பதம் பார்த்துவிட்டு அப்புறம் முன்பக்கம் ஓட்டுங்கள்.

ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் மெழுகுவர்த்தி தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். பட்டனுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு ஃபெல்ட் வாஷர். முறுக்குவது கை ஸ்க்ரூ டிரைவரால் மட்டுமே, தலைக்குப் பொருந்துகிற முனையால். பவர் டிரைவரை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். பட்டன் அசையாமல் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வீரம் காட்டினால் நாமே மரையை அரைத்துவிடுவோம்.

பெல்ட் பக்கம்: துளை சின்னதாக இருந்தால் பிளேடால் கீறாதீர்கள், கிழிசல் ஓடும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் பஞ்ச் வைத்து வட்டமாகப் போட்டுத் தருவார். தோல் ரொம்பத் தடிமன் என்றால் நட்டுக்குப் போதிய மரை கிடைக்காது. வாங்கும்போதே பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். கடைசியில் கட்டில் மெத்தைக்கு மேலே கிடாரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நன்றாக இழுத்துச் சோதியுங்கள். சோதனை மெத்தை மேல் நடக்கட்டும், மேடையில் வேண்டாம்.

அக்கூஸ்டிக் கிடார்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பல அக்கூஸ்டிக் கிடார்களில் அடிப்பட்டன் ஸ்க்ரூவே கிடையாது. கூம்பான ஒரு குச்சியைத் துளையில் அழுத்தி வைத்திருப்பார்கள். அந்தத் துளையில் பூட்டின் ஸ்க்ரூ நிற்காது. அடைத்து, உள்ளே இருக்கும் மரக்கட்டையில் புதிதாகத் துளையிட வேண்டும். அந்தக் கட்டையை விட்டு விலகினால் மிஞ்சுவது சில மி.மீ. தடிமனுள்ள பலகைதான். பிக்கப் வைத்த கிடாரில் அடிப்பட்டனே வயர் சொருகும் ஜாக்காக இருந்தால் இந்தப் பூட்டுகள் நேரடியாகப் பொருந்தாது. கழுத்தின் அடியில் பட்டன் போட நினைத்தால் உள்ளே இணைப்பும் போல்ட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டிரில்லைத் தொடாதீர்கள். இவர்களுக்கெல்லாம் ரப்பர் வாஷரே உத்தமம்.

ஆகவே...

நம் சங்கத்தில் பழைய தீர்மானம் ஒன்று இருக்கிறது: "யார் கையில் சேதமாகிறதோ அவரே செலவை ஏற்க வேண்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதலாண்டுப் பையனை நினைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ ஆடுகிறதா என்று பார்க்க வேண்டியது யார் வேலை? அன்றைக்குக் கையில் வைத்திருந்தவன் வேலையா, வருஷம் முழுக்க அதைப் பீரோவில் வைத்திருக்கிற நம் சங்கத்தின் வேலையா? பராமரிப்பு இல்லாத மெஷினில் விபத்து நடந்தால் ஆபரேட்டரை மட்டும் தண்டிக்கிற ஃபாக்டரியை நாளைக்கு வேலைக்குப் போகும் நாம் ஏற்றுக்கொள்வோமா?

வேலையை வெளியே கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நம் ஒர்க்‌ஷாப்பில் டிரில் இருக்கிறது, வெர்னியர் இருக்கிறது, வழிகாட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். துளை அளவு பார்க்கத் தெரிந்த அத்தனை பேர் இருக்கிற ஒரு பாலிடெக்னிக்கில் ஒரு ஸ்க்ரூ ஆடினால் அது கிடாரின் குற்றமா?

அடுத்த பொதுக்குழுவில் நான் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். ஒன்று, இரண்டு கிடாருக்கும் ஒரே வகைப் பூட்டு. துளையைச் சோதித்து, தேவைப்பட்டால் மரம் அடைத்து, நாமே மாட்டுவது. இரண்டு, கிடார் கைமாறும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் பூட்டை இழுத்துப் பார்ப்பது. மாதம் ஒருமுறை ஸ்க்ரூவைச் சோதித்து நோட்டில் தேதியோடு எழுதுவது. மூன்று, அந்த நோட்டில் பதிவு இல்லாத மாதத்தில் கிடார் விழுந்தால் செலவு சங்கத்துடையது, வாசித்தவனுடையது அல்ல.

முன்மொழிய நான் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும். கை தூக்குவீர்களா நண்பர்களே?